தெருவுக்கு ஒரு நோயாளி

செல்லியம்மாள் ஒரு வருஷம் முழுக்க உப்பில்லாமல் கூழ் குடித்தாள். ரத்தக் கொதிப்பு என்னவோ பச்சையம்மாளுக்குத்தான். இது எப்படி என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் சிரிக்காமல் விளக்கம் சொல்வார்கள். தலை கிறுகிறுத்தது செல்லியம்மாளுக்கு. அதைச் சொல்லி மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது பச்சையம்மாள். டாக்டரம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தது பச்சையம்மாளின் கையில். உப்பைக் குறை என்று அங்கிருந்து வந்த சேதி போய்ச் சேர்ந்ததோ செல்லியம்மாளின் அடுப்புக்கு. இதில் கோளாறு ஏதும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை, பச்சையம்மாளுக்கும் சேர்த்துத்தான்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி வாய்க்காலை ஒட்டிய தெரு அது. முப்பது கூரை வீடுகள். எல்லாம் கூலிக்குப் போகிற சனம். நடவு, களையெடுப்பு, பருவம் வந்தால் கரும்பு வெட்டு. காய்ச்சலில் படுத்தால் அடுப்பும் சேர்ந்து படுத்துவிடும். சர்க்கார் ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில் இருந்தது. அங்கே மருந்து இலவசம், ஒரு பைசா கேட்க மாட்டார்கள். ஆனால் போய்வர பஸ்ஸுக்கு மூன்று ரூபாய், அன்றைய கூலி ஆறு ரூபாய் போச்சு, கூட ஒரு துணை வந்தால் அந்தக் கூலியும் போச்சு. இலவச மருந்தைப் போல கையைக் கடிக்கிற மருந்து வேறு கிடையாது என்று தெரு தெரிந்து வைத்திருந்தது.

பச்சையம்மாளுக்கு வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கேயோ. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் மணிமொழியை எலவனாசூர்கோட்டையில் கொடுத்திருந்தது. எண்பத்தொன்றாம் வருஷம் கரும்பு வண்டிச் சக்கரம் இடது பாதத்தில் ஏறி இறங்கியதிலிருந்து சேற்றில் நின்று நடவு நட முடியாது, கட்டுத் தூக்க முடியாது. அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரத்துக்கு ரெண்டு தரம் கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். போகிறதுதான் போகிறாய், என் முட்டி வலியையும் ஒரு வார்த்தை சொல்லி ரெண்டு மாத்திரை வாங்கி வா என்று முதலில் கேட்டவர் எதிர்வீட்டுப் பூமாலைக் கிழவர். வாங்கி வந்தாள். கிழவருக்கு முட்டி வலி விட்டது. அவ்வளவுதான், மறுவாரம் நாலு வீட்டுச் சீக்கு அவள் வாசலில் வந்து நின்றது.

பாதத்துப் புண் ஆறி ஆறு வருஷமாகியும் அந்த நடை நிற்கவில்லை. திங்களும் வெள்ளியும் பச்சையம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பஸ் காசைத் தெரு பங்கிட்டுக்கொள்ளும். மாத்திரை பெற்ற வீடு சாயங்காலம் அரைப்படி கம்போ கேழ்வரகோ கொண்டுவந்து கொடுக்கும். ஆறு பேர் கூலியை விட்டுப் போவதற்கு ஒருத்தி போனால் போதும் என்கிற இந்த ஏற்பாட்டை எந்த மந்திரியும் யோசித்திருக்க மாட்டார் என்று பூமாலைக் கிழவருக்குப் பெருமை. பச்சையம்மாளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறவளை யாருக்கு வேண்டும்? இப்போது முப்பது வீட்டுக்கு வேண்டியிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவள் அத்தனை பேர் சீக்கை எப்படி நினைவு வைத்தாள் என்றால், உடம்பில்தான் வைத்தாள். முதல்நாள் சாயங்காலம் ஆளாளுக்கு வந்து சொல்வார்கள். எங்கே வலிக்குது, குத்துதா கடுக்குதா, ராத்திரி ஜாஸ்தியா பகலில் ஜாஸ்தியா என்று துருவிக் கேட்டு, அந்த இடத்தில் தன் கையை வைத்து அழுத்திக்கொள்வாள். தலை செல்லியம்மாளுடையது. வலது முட்டி பூமாலையுடையது. அடிவயிறு கடைசி வீட்டுப் பாப்பாத்தியுடையது. பஸ்ஸில் உட்கார்ந்து தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் தடவிப் பார்த்தால் பாடம் ஒப்பித்தாகிவிடும். டாக்டரம்மா முன்னால் சொல்லும்போது அந்தந்த இடத்தில் நிஜமாகவே வலிக்கும், முகம் சுருங்கும், முட்டி மடங்காது. திரும்பி வந்து மாத்திரையைக் கொடுத்ததும் அந்தந்த வலி அந்தந்த வீட்டில் இறங்கிக்கொள்ளும்.

ஊசிதான் கொண்டுவர முடியாத சரக்கு. ஒரு தரம் பூமாலையின் காய்ச்சலைச் சொன்னதற்கு நர்ஸம்மா மறுப்புக் கேட்காமல் இடுப்பில் ஒன்று போட்டுவிட்டார். பச்சையம்மாள் வீடு வந்து ரெண்டு நாள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். மூன்றாம் நாள் கிழவர் வந்து, காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது, நல்ல ஊசி என்றார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்கு ரொம்ப நாள் குழப்பம். ஊசி தனக்கு, குணம் அவருக்கு. அப்படியானால் தனக்குள் என்ன நடந்தது? கேட்டால் சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டாள்.

எண்பத்தாறாம் வருஷம் மார்கழியில் பக்கத்து வீட்டுக் காசிநாதன் வந்தான். முப்பது வயசு, ரெண்டு குழந்தைக்குத் தகப்பன், கரும்பு வெட்டுகிறவன். ரெண்டு மாசமாக இருமல், சாயங்காலமானால் உள்காய்ச்சல். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். பன்னிரண்டு பேர் சேர்ந்து வெட்டுகிற கூட்டத்தில் ஒருவன் இருமிக்கொண்டு நின்றால் மேஸ்திரி அடுத்த நாளே வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். அந்த வருஷம் அவன் வீட்டுச் சாப்பாடே அந்த வெட்டில்தான் இருந்தது.

"அக்கா, யாருக்கும் தெரியக் கூடாது," என்றான். "எம் பொண்டாட்டிக்குக்கூட. பச்சையம்மன் மேல சத்தியம் பண்ணு."

தன் பேருக்குரிய சாமி மேலேயே சத்தியம் செய்து கொடுத்தாள். மறுநாள் அந்த இருமலைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்று உதட்டைப் பிதுக்கி, எதற்கும் சளியைப் பார்த்துவிடலாம் என்று ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வருகிற சளி வேண்டும். காசிநாதனின் காலைச் சளி டப்பாவில் அடைபட்டு, துணியில் சுற்றி, தூக்குவாளிக்குள் உட்கார்ந்து கள்ளக்குறிச்சிக்குப் போயிற்று. அதில் காசநோய்க் கிருமி இருந்தது. பச்சையம்மாள் பேருக்கு ஒரு மஞ்சள் அட்டை போட்டார்கள்.

காசநோய் அறையில் மாத்திரை கொடுப்பவர் சின்னதுரை. ஒல்லியான, பொறுமையான மனுஷன். எட்டு மாசம், ஒரு நாள்கூட விடக் கூடாது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். கொட்டாங்குச்சியில் சாம்பல் போட்டு அதில் துப்பு, மண்ணில் புதை. இருமும்போது வாயை மூடு. கைக்குழந்தை பக்கத்தில் போகாதே. முட்டை, பயறு சாப்பிடு. ஒண்ணுக்குச் சிவப்பாகப் போகும், ரத்தமில்லை, மருந்தின் நிறம், பயப்படாதே. அத்தனையையும் வார்த்தை பிசகாமல் சுமந்து வந்து, வேலிப் படலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் இருந்த காசிநாதனுக்கு இறக்கி வைத்தாள். அவனும் சொன்னபடி கேட்டான். மூன்றாம் மாசம் இருமல் அடங்கி, அரிவாளைப் பழைய வேகத்தில் வீசினான்.

சின்னதுரைக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. மாசா மாசம் மாத்திரை கொடுக்கும்போது எடை பார்ப்பார். நாற்பத்திரண்டு கிலோ. அடுத்த மாசமும் நாற்பத்திரண்டு. மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எடை ஏறும், உனக்கு ஏன் அசையவே இல்லை, முட்டை சாப்பிடுகிறாயா இல்லையா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றாள். அன்று சாயங்காலம் படலோரம், முட்டையை ரெண்டாக்கு என்று காசிநாதனுக்குச் சொன்னாள். அவன் ரெண்டு முட்டை தின்றான். அடுத்த மாசம் அவள் எடை நாற்பத்தொன்றாக இறங்கியிருந்தது.

ஆறாம் மாசம் முப்பத்தொன்பது. கொஞ்சம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுதினார்.

ஆடிக் கடைசியில் பச்சையம்மாளுக்கு இருமல் வந்தது. வந்தது என்று சொல்வதுகூட அவளைக் கேட்டால் தப்பு. ஏழு மாசமாகச் சின்னதுரை முன்னால் உட்கார்ந்து, நோயாளி மாதிரி இருக்க வேண்டுமே என்று நாலு தரம் இருமிக் காட்டிப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம்தான் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தாள். அடுப்பூதும்போது இருமினால், ஆஸ்பத்திரியில் செய்கிற வேஷத்தை இங்கேயும் எதற்குக் கட்டுகிறாய் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். இருமல் கேட்கவில்லை. சரி, இது காசியின் இருமல். மாத்திரையைக் கொடுத்தபோது இது மட்டும் அவன் வீட்டில் இறங்காமல் தங்கிவிட்டது. அவனுக்குக் குணமானால் தனக்கும் தன்னால் போய்விடும். பூமாலைக்கு ஊசி போட்ட கதை போல.

இப்படியும் ஒரு பொம்பளை நினைப்பாளா என்று நமக்குத் தோன்றும். ஆறு வருஷம் தலையைச் செல்லியம்மாளுக்கும் முட்டியைப் பூமாலைக்கும் வாடகைக்கு விட்டுவிட்டவளுக்கு, அந்த உடம்பில் தனக்கென்று எது இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாதத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது ஒன்றுதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவளுடையது.

கச்சிராயபாளையம் சந்தைக்கு மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற பெண்ணிடம் கொஞ்சம் தேன் வாங்கி இஞ்சிச் சாற்றில் குழைத்துத் தின்று பார்த்தாள். தொண்டை ஒரு நாள் இதமாக இருந்தது. மறுநாள் பழையபடி. அந்தத் தேனிலும் பாதியைப் பாப்பாத்தியின் பேரனுக்குக் கொடுத்திருந்தாள், அவனுக்கும் இருமலாம்.

ஆவணிக் கடைசியில் எட்டு மாசம் முடிந்தது. சின்னதுரை மறுபடியும் சளி கேட்டார். வழக்கம்போலக் காசிநாதனின் சளி தூக்குவாளியில் போயிற்று. கிருமி இல்லை. சின்னதுரை சந்தோஷமாக அட்டையை மூடி, உனக்கு நோய் போய்விட்டது என்றார். எடை மட்டும் முப்பத்தெட்டு இருக்கிறது, நன்றாகச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார். பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நோய் போய்விட்டது என்று சர்க்காரே சொல்லிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரும்வரை நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் இருமல் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் எலவனாசூர்கோட்டையிலிருந்து மருமகன் வந்தான். மணிமொழிக்கு ஏழு மாசம். ஐப்பசி பிறந்ததும் கூட்டிவந்து விடுகிறேன், தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே என்று சொல்லிவிட்டுப் போனான். பச்சையம்மாள் அவனுக்குக் கோழி அடித்துப் போட்டாள். அவன் தெரு முனை தாண்டும்வரை மூச்சைப் பிடித்து நின்று, தாண்டியதும் உட்கார்ந்து இருமினாள். அடங்கியபோது உள்ளங்கையில் எச்சிலோடு சிவப்பாக ஒரு நூல் இருந்தது.

கைக்குழந்தை பக்கத்தில் போகாதே. இது யாருக்குச் சொன்ன புத்தி? காசிக்கு. யாரிடம் சொன்னது? தன்னிடம். அட்டை யார் பேரில்? தன் பேரில். நோய் யாருடையது? அவனுடையது. குணமானது யார்? அங்கே பச்சையம்மாள், இங்கே காசிநாதன். அப்படியானால் இந்தச் சிவப்பு யாருடையது? சிவப்பாகப் போனால் பயப்படாதே, மருந்தின் நிறம் என்றாரே. மருந்து தின்னாதவளுக்கு ஏது மருந்தின் நிறம்? நினைக்க நினைக்கத் தலைகால் புரியவில்லை. அடிவயிற்றில் புளியைக் கரைத்தது. பாப்பாத்தியின் அடிவயிறா தன்னுடையதா என்று அந்த நேரத்திலும் ஒரு யோசனை வந்ததுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை போய்ச் சின்னதுரையிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாது. கேட்காமல் மகளை வீட்டில் ஏற்ற முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வாரம்தான் மறியல். படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு, புரட்டாசி பிறந்த அன்றைக்கு ஊர் ஊராகச் சாலையில் இறங்கிவிட்டார்கள். சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது, கரும்பு வண்டிகூடக் கிடையாது. விழுப்புரம் பக்கம் துப்பாக்கி வெடித்ததாகவும் ஆட்கள் செத்ததாகவும் ரேடியோவுக்கு முன்னாலேயே சேதி வந்தது. தெருவில் வாலிபப் பிள்ளை ஒருவன்கூட வீட்டில் இல்லை. காசிநாதனும் போயிருந்தான். தன் பிள்ளையாவது அரிவாள் பிடிக்காமல் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

ஒரு வாரம் பொறு, சாலை திறக்கட்டும் என்று செல்லியம்மாள் சொன்னாள். பச்சையம்மாள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெறும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, காலைச் சாய்த்து நடக்க ஆரம்பித்தாள். பத்து மைலுக்கு மேல். சாலையில் காக்காய் கத்துவதைத் தவிர வேறு சத்தமில்லை. அரை மைலுக்கு ஒரு தரம் உட்கார்ந்தாள். பின்னால் கல்வராயன் மலை அப்படியே நின்றுகொண்டிருந்தது, தான் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.

ரெண்டாவது மைலில் பெரிய புளியமரம் ஒன்று சாலை முழுக்கப் படுத்திருந்தது. அறுத்த ஈரம் காயாத மரம். பத்துப் பதினைந்து பேர் அதன் மேலும் கீழும் உட்கார்ந்திருந்தார்கள். இழுப்பு ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காசிநாதன் நின்றான். சட்டையில்லாத உடம்பு வேர்வையில் மின்னியது, தோளில் சதை போட்டிருந்தது. எட்டு மாசம் தான் சுமந்து வந்த மாத்திரையும் தான் சொல்லி அவன் தின்ற முட்டையும் அந்தத் தோளில் இருப்பதைப் பார்த்தாள். அந்தத் தோள்தான் இந்த மரத்தை அறுத்திருக்கிறது. அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்தது இருமல்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"இன்னாக்கா, இந்த மறியல்ல எங்க போய்க்கினு இருக்கிற?" என்று ஓடிவந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு."

"இன்னிக்கு யாருக்கு?"

தெருவில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆறு வருஷமாகத் திங்களும் வெள்ளியும் கேட்டுப் பழகிய கேள்வி. பச்சையம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெர்லடா காசி. எனக்கா உனக்கான்னு தெர்ல. உன் இருமல் எங்கிட்டயே நின்னுபோச்சு. இல்ல, இது என்னுதுதானான்னு ஒண்ணும் புரிய மாட்டேங்குது. மணிமொழி வேற வரப்போறா."

காசிநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தான். தோள்பட்டை எலும்பில் ரவிக்கை தொங்கியது. பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு அதுவரைக்கும் அவன் அவளைப் பார்த்ததில்லை, அவள் கையிலிருந்த பொட்டலத்தைத்தான் பார்த்திருக்கிறான். ரம்பத்தைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, யாருடைய சைக்கிளையோ எடுத்தான். அவளைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தான். வழியில் ஏழு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, திரும்பி வந்து அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினான். மறித்த இடத்திலெல்லாம் ஆஸ்பத்திரிக்கு என்றான், வழி விட்டார்கள்.  அவன் முதுகில் இருமாமல் இருக்க அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வெறிச்சோடிக் கிடந்தது. எப்போதும் தோளோடு தோள் இடிக்கிற வராந்தாவில் அன்று எண்ணி நாலு பேர். சின்னதுரை தனியாக உட்கார்ந்து பழைய அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பஸ் இல்லாத நாளில் வந்து நிற்கிறவளைப் பார்த்துத் திகைத்தார். இருமலைக் கேட்டார், சிவப்பைக் கேட்டார். டப்பாவைக் கொடுத்து வெளியே போய்த் துப்பி வரச் சொன்னார். கூட்டமில்லாததால் சோதனைக்கூடத்தில் உடனே பார்த்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் சீட்டு வந்துவிட்டது. கிருமி இருந்தது, ஜாஸ்தியாகவே இருந்தது.

சின்னதுரை மூடிய மஞ்சள் அட்டையை மறுபடி எடுத்து விரித்து வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக விளக்கினார். எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவளுக்கு ரெண்டே வாரத்தில் நோய் இப்படித் திரும்பினால், அந்த மாத்திரைக்குக் கிருமி பழகிவிட்டது என்று அர்த்தம். இனி அது கேட்காது. வார்டில் படுக்க வேண்டும். தினம் ஊசி. இங்கே முடியாவிட்டால் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். எத்தனை மாசம் என்று இப்போது சொல்ல முடியாது.

பச்சையம்மாள் அட்டையைப் பார்த்தாள், காசிநாதனைப் பார்த்தாள். சொன்னால் சத்தியம் போகும், அவன் வெட்டுக் கூட்டத்தில் இடம் போகும், முப்பது வீட்டுக்கும் இனி மாத்திரை இல்லை. சொல்லாவிட்டால் மகள் வருகிற நேரத்தில் தான் எந்த ஊரில் கிடப்போமோ. கேட்காத மாத்திரை என்கிறாரே, தின்னாத மாத்திரை எப்படிக் கேட்காமல் போகும்? அதையாவது சொல்லலாமா? எந்த நுனியைப் பிடித்தாலும் காசியிடம்தான் போய் முடிந்தது. சரிங்க சார், படுக்கிறேன் என்று தலையாட்டினாள்.

வாசலில் நின்றிருந்த காசிநாதன் உள்ளே வந்தான்.

"சார், அந்த பச்சையம்மா நான்தாங்க," என்றான்.

சின்னதுரை கண்ணாடியைக் கழற்றினார். மறியலில் வெயிலில் நின்று புத்தி பிசகிய ஆள் என்று நினைத்திருப்பார். காசிநாதன் அட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த எட்டு மாச மாத்திரையும் தின்னது நான். ரெண்டு தரம் சளி குடுத்தது நான். அக்கா எனக்காக வந்து நின்னுது. அது ஒரு மாத்திரைகூட வாயில போடலீங்க. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுதுங்க."

சின்னதுரை அட்டையை மறுபடி பார்த்தார். ஒரு பத்தியில் கிருமி போயிருந்தது, பக்கத்துப் பத்தியில் எடையும் போய்க்கொண்டே இருந்தது. சளி ஒருவருடையது, எடை ஒருவருடையது. எட்டு மாசமாக விளங்காதது அப்போது விளங்கிவிட்டது. கோபத்தில் அட்டையை மேசை மேல் ஓங்கி வைத்தார். அவர் கத்தவில்லை. இப்படி எத்தனை நாளாக நடக்கிறது, வேறு யார் யாருக்கு வாங்கினாய் என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். பஸ்ஸில் ஒப்பிப்பதுபோலத் தலையிலிருந்து ஆரம்பித்தாள். தலை செல்லியம்மாளுடையது. முட்டி பூமாலையுடையது. வயிறு பாப்பாத்தியுடையது. கண்ணெரிச்சல், காது குடைச்சல், பல் வீக்கம் என்று கைவைத்துக் கைவைத்துச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா கதவோரம் நின்று முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகம் மாறியது. கொதிப்பு இன்னும் அப்படியே இருக்கிறதே, உப்பைக் குறைக்கச் சொன்னேனே, குறைத்தாயா என்றார்.

"செல்லியம்மா கொறச்சுட்டாங்க," என்றாள் பச்சையம்மாள்.

டாக்டரம்மா சிரித்தாரா, வேறு எதையோ அடக்கினாரா என்று சொல்ல முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் கேட்டார்.

"தெருவை எல்லாம் விடும்மா. உனக்கு என்ன செய்யுது?"

பச்சையம்மாள் யோசித்தாள். நெஞ்சில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இருமலுங்க. இது எனக்குத்தாங்க," என்றாள். சொன்னதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன முதல் சொந்தச் சீக்கு அது.

மாத்திரையை முதல் தரம் தின்னப்போகிற உடம்பு, வார்டு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. சின்னதுரை புது அட்டை எடுத்துப் பேரை எழுதினார். எடை முப்பத்தேழு. இன்று தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டால் ரெண்டு மாசத்தில் சளி சுத்தமாகலாம், அதுவரை மகள் மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும், சளியில் கிருமி இல்லை என்று நான் சொன்ன பிறகு பேரப்பிள்ளையைத் தூக்கு என்றார். இனித் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர்கள்தான் வர வேண்டும் என்று காசிநாதனைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். முப்பது வீடு என்கிறீர்களே, டாக்டரம்மாவை ஒரு நாள் ஜீப்பில் அழைத்துவர முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அது நடந்ததா, எப்போது நடந்தது என்பதெல்லாம் வேறு சமாச்சாரம்.

முதல் நாள் மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினார். பச்சையம்மாள் வாங்கி, பழக்கத்தில் முந்தானை நுனியைப் பிரித்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

"அங்க இல்ல. வாயில," என்றார் சின்னதுரை. டம்ளரில் தண்ணீர் நீட்டினார்.

ஒவ்வொன்றாக விழுங்கினாள். ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மாத்திரை இவ்வளவு கசக்கும் என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மூன்றாவது மரத்தைத் தாண்டி அவளை ஏற்றிக்கொண்டபோது காசிநாதன் சொன்னான்.

"கொட்டாங்குச்சியில சாம்பல் போட்டு வெச்சுக்கோ. முட்டை நான் கொண்டாந்து தரேன். காலைல ஒண்ணுக்குச் செவப்பா போவும், பயந்துக்காத. ரத்தமில்ல, மருந்தோட நெறம்."

பச்சையம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டிய சேதி இது என்று பாதி வழிவரை யோசித்துக்கொண்டே வந்தாள்.